குச்சவெளித் தராசின் பூச்சியம்

குச்சவெளிக் கடற்கரையில் அப்துல் மஜீதின் மீன் வாடியில் இருக்கும் பெரிய தராசு மீனையும் ஐஸையும் சாதாரண மனிதர்களையும் கிலோவில் நிறுக்கும்; உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை ஏறி நின்றால் மட்டும், அந்தப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று காட்டும். சுனாமி நிவாரணத்தில் வந்த தராசு அது. நிலத்தோடு ஒட்டிய இரும்புத் தட்டு, அதன் தலைமாட்டில் பூச்சியத்திலிருந்து நூறு வரை எழுதிய வட்ட முகம், ஒரு சிவப்பு முள். வருசக்கணக்காக ஒரு கரைச்சலும் தராமல் பாரையையும் சூரையையும் நிறுத்துக்கொண்டிருந்தது. பெற்றோல் வரிசைகள் முடிந்த அடுத்த வருசம், பெறுபேறு வந்த மூன்றாம் நாள், மஜீதின் தங்கை மகன் அர்ஷாக் சும்மா விளையாட்டுக்கு அதில் ஏறி நின்றான். எந்த மீனையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் மஜீத் நிறுப்பார், அந்தப் பழக்கத்தில் "பொறியியல்!" என்று கூப்பிட்டார். எழுபது கிலோ பொடியனுக்கு முள் பன்னிரண்டில் நின்றது. "பௌதிக விஞ்ஞானம்!" என்றார். எண்பத்தெட்டுக்குப் போனது. தராசு பழுதாகிவிட்டது என்று பயந்து ஐம்பது கிலோ அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தார். சரியாக ஐம்பது காட்டியது.

ஊரில் இருந்த கணித ரியூசன் வாத்தியார் சிவரூபனுக்கு இது பிடிக்கவில்லை. அதுவரை பிள்ளைகளின் வாய்ப்பைக் கணித்துச் சொன்னவர் அவர்தான். பரீட்சையில் வந்த இசட் புள்ளி, மாவட்ட நிலை, கடந்த ஏழு வருசமும் கடைசி ஆள் உள்ளே போன வெட்டுப்புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கடைசியில் "கிடைக்கலாம், கிடைக்காமலும் விடலாம்" என்றுதான் சொல்வார், அது உண்மையும்கூட. தராசை மடக்கிப் பிடிப்பதற்காக அந்த வருசம் ஏறிய அறுபத்துமூன்று பிள்ளைகளின் கணக்கையும் கொப்பியில் குறித்தார். நூறு காட்டிய எல்லோரும் போனார்கள். பூச்சியம் காட்டிய ஒருவரும் போகவில்லை. அறுபது காட்டியவர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் போனார்கள். சிவரூபன் கொப்பியை மூடி வைத்தார்.

அடுத்த வருசம் மாவட்டமே வந்து இறங்கியது. கட்டைபறிச்சானிலிருந்து ஒரு குடும்பம் சோற்றுப் பார்சலோடு வந்து மூன்று மணித்தியாலம் மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்றது. புல்மோட்டையிலிருந்து வந்த ஒரு தாய், மாவட்டத்திலேயே பாரமான மணல் தங்களுடையதுதான் என்று, மகனின் காற்சட்டைப் பைகள் முழுக்கக் கறுப்பு மணலை நிரப்பி ஏற்றினாள். முள் எட்டிலேயே நின்றது. பொடியன் இறங்கி நடக்க முடியாமல் தட்டிலேயே இருந்துவிட்டான். வேறு சிலர் பிள்ளைக்கு வாழைப்பழம் தீத்தி ஏற்றினார்கள், சிலர் விரதமிருக்க வைத்து ஏற்றினார்கள். படித்த சனம் என்று இவர்களைத்தான் சொல்கிறோம். மீனவர்கள் வலையோடு வரிசையில் நிற்க, மஜீத் ஒரு பக்கம் "அறக்குளா!" என்றும் மறுபக்கம் "சட்டம்!" என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துப் போனார்.

அந்த வருசம்தான் எங்கள் ஊர்க் கீர்த்தனி முதல் தரம் பரீட்சை எழுதியிருந்தாள். அவளுடைய தகப்பன் இரத்தினசிங்கம் திருகோணமலை பஸ் நிலையத்தில் குச்சவெளியால் போகும் புல்மோட்டைப் பாதை பஸ்களை அனுப்பும் ரைம்கீப்பர். கைகாட்டிக்கொண்டு ஓடிவருகிறவன் சொந்தச் சகோதரனாக இருந்தாலும், நேரமானால் விசிலை ஊதிவிடுவார். எழுதி ஒட்டிய நேரத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றையும் அவர் நம்பியதில்லை. தாய் சிவாஜினி தையல்காரி. எதையும் அளந்துவிட்டு, அதற்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுகிறவள். கீர்த்தனிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மருத்துவபீடம். எட்டு வயதில் சொன்னதை இருபது வயதிலும் மாற்றாமல் சொன்னாள். மாவட்டத்தில் அவளுக்கு வந்த நிலை முப்பத்தொன்று. முந்தின வருசம் மருத்துவத்துக்கு இருபத்தெட்டாவது ஆளோடு கதவு மூடியிருந்தது. அதற்கு முந்தின வருசம் முப்பத்துநான்கு வரை போயிருந்தது. சிவரூபன் கொப்பியைத் திறந்து பார்த்து, "கிடைக்கலாம், கிடைக்காமலும் விடலாம்" என்றார். தராசு ஐம்பத்தைந்து காட்டியது.

ஐம்பத்தைந்து இரத்தினசிங்கத்தைக் கொன்றுவிட்டது. நூறு நாளில் ஐம்பத்தைந்து நாள் மட்டும் வரும் பஸ்ஸை எவன் நின்று பார்ப்பான் என்று கேட்டார். மறுநாளும் மகளைக் கூட்டிக்கொண்டு போனார், ஐம்பத்தைந்து. செருப்பைக் கழற்றிவிட்டு, ஐம்பத்தைந்து. பதினாறு நாள் தொடர்ந்து போனார்கள். மஜீத் வேறு ஒன்றும் கேட்காமல் தூரத்தில் அவர்களைக் கண்டவுடனேயே "மருத்துவம்!" என்று கூப்பிடத் தொடங்கினார். கீர்த்தனி சாப்பாட்டைக் குறைத்தாள், பிறகு கதையைக் குறைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் "இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்டார்கள். காய்ச்சல்காரியிடம்கூட ஆரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

விண்ணப்பம் முடியும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதவேண்டும். எத்தனையும் எழுதலாம், கிடைக்காததை எழுதியதற்காக எவரும் பிடித்துத் தின்னமாட்டார்கள். இதைச் சிவரூபன் நூறு தரம் சொன்னார். ஆனால் வியாழக்கிழமை பின்னேரம் இரத்தினசிங்கம் வேலையால் வந்து, கதிரையில் இருந்து, சப்பாத்தைக் கழற்றாமலே ஒரு முடிவைச் சொன்னார்: "நாளைக்குக் காலமை கடைசியா ஒருக்கா ஏறட்டும். தராசு சொல்லுறதைத்தான் எழுதுறம். அதுக்குமேல ஒரு கதையும் இல்லை." கீர்த்தனி ஓம் என்றாள். பதினாறு நாள் களைப்பு அவளை ஓம் சொல்ல வைத்தது. வெள்ளி காலை மஜீத் ஜும்மாவுக்கு முன் வாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளியை வைத்துவிட்டு "மருத்துவம்!" என்றார். முள் அசையவேயில்லை. ஒரு ஈ ஏறி நின்றாற்போலக்கூட அசையவில்லை. பூச்சியம்.

மஜீத் தராசைக் காலால் தட்டிப் பார்த்தார். "விவசாயம்!" என்று கூப்பிட்டார். முள் தொண்ணூற்றெட்டுக்குப் பாய்ந்தது. இரத்தினசிங்கம் மகளைக் கொமியூனிகேஷன் கடைக்குக் கூட்டிப்போனார். விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக் கொடுக்கும் கடை அது. உள்ளே பத்துப்பேர், வெளியே பத்துப்பேர், எல்லோர் கண்ணும் திரையில். சிவாஜினி தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு ஓடிவந்தாள். "முதலாவதா மெடிசினை எழுது பிள்ளை. எழுதினா என்ன குறைஞ்சு போகும்?" என்றாள். "பூச்சியம் காட்டினபிறகு மெடிசின் எழுதினவளாம் எண்டு ஊர் சிரிக்கும். சும்மா இரும்," என்றார் இரத்தினசிங்கம். திரையில் மருத்துவம் முதலாவது வரியில் ஏற்கெனவே இருந்தது. கீர்த்தனி இரண்டு பேரையும் பார்த்தாள், பின்னால் நின்ற சனத்தைப் பார்த்தாள், தன் விரலாலேயே அந்த வரியை அழித்தாள். எனக்கு இன்றைக்கும் அந்த விரலைப் பிடித்து நிறுத்தவேண்டும்போல் இருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து வெட்டுப்புள்ளி வெளியானது. அந்த வருசம் கதவு முப்பத்துமூன்றாவது ஆளோடு மூடியிருந்தது. முப்பத்தொன்றாவது ஆளான கீர்த்தனிக்கு, அவள் கேட்டபடியே, விவசாயம் கிடைத்தது. முப்பத்துமூன்றாவது ஆள் கிண்ணியாப் பொடியன் அஸ்ஹான். அவனும் தராசில் ஏறத்தான் புறப்பட்டிருக்கிறான். திருகோணமலை பஸ் நிலையத்துக்கு அவன் ஓடிவர, ரைம்கீப்பர் ஒரு நிமிசமும் பிந்தாமல் விசிலை ஊதி பஸ்ஸை அனுப்பிவிட்டார். அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பியவன் மருத்துவத்தை முதலாவதாக எழுதிப் போட்டான். இப்போது டொக்டருக்குப் படிக்கிறான்.

இரத்தினசிங்கம் வாடிக்குப் போய்ப் பெட்டிகளை உதைத்தார். "உன்ர தராசு என்ர பிள்ளையைக் கெடுத்துப்போட்டுது," என்று கத்தினார். மஜீத் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். "தராசு பொய் சொல்லல்லயே. பூச்சியம் எண்டிச்சு. பூச்சியம்தானே கெடச்சிச்சு?" என்றார். கூட நின்ற சிவரூபன் கொப்பியைத் திறந்தார், பதினாறு ஐம்பத்தைந்துகளையும் ஒரு பூச்சியத்தையும் விரலால் தடவினார், பிறகு கணக்கைச் சொன்னார். பதினாறு நாளும் பிள்ளை மருத்துவம் எழுதுகிறவளாக ஏறினாள், அதனால் ஐம்பத்தைந்து. வியாழன் பின்னேரம் தராசு சொல்வதைத்தான் எழுதுவது என்று தகப்பன் முடிவெடுத்தார். தராசு பூச்சியம் சொன்னால் எழுதமாட்டாள், எழுதாதவளுக்கு வாய்ப்புப் பூச்சியம், ஆகவே தராசு பூச்சியம் சொன்னது. "நீங்கள் அதைக் கேட்டியள். அது உங்களைக் கேட்டுது," என்றார். இரத்தினசிங்கம் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டார். அன்றைக்குப் புல்மோட்டை பஸ் முதன்முதலாக நாற்பது நிமிசம் பிந்திப் போனது.

சிவாஜினி நாலு மாதம் புருசனோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டாள், கறியை ஊற்றினாள், வாயைத் திறக்கவில்லை. கீர்த்தனியின் நிலைதான் மோசம். விவசாயபீடத்தில் பதிவு செய்தால் மறுபடி விண்ணப்பிக்க ஏலாது. பதியாவிட்டால் கையிலிருப்பதும் போய்விடும், இரண்டாம் தரப் பரீட்சை காலை வாரிவிட்டால் ஒன்றுமில்லை. பதிவுக்குக் கடைசி நாள் வந்தது. இரத்தினசிங்கம், ஆம், அந்த மனிசன்தான், பூனைபோல வந்து, "ஒருக்கா ஏறிப் பாத்திட்டு முடிவெடுப்பமே?" என்று கேட்டார். சிவாஜினி கத்தரிக்கோலோடு எழும்பினாள். கீர்த்தனி தாயை இருக்கச் சொல்லிவிட்டுச் சொன்னாள்: "அப்பா, நீங்கள் வேணுமெண்டால் ஏறி நில்லுங்கோ. நான் இனி ஏறமாட்டன்." பதிவுக் கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அந்த வருசம் முழுக்க அவளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அது ஊருக்குப் பெரிய வருத்தம்.

இரண்டாம் தரம் எழுதினாள். பெறுபேறு வந்தது, புள்ளி முந்தினதைவிடக் கொஞ்சம் குறைவு. ஊர் நாக்கைச் சப்புக்கொட்டியது. விண்ணப்பம் திறந்த முதல்நாளே தனியாகக் கொமியூனிகேஷன் கடைக்குப் போய், முதலாவது வரியில் மருத்துவத்தை எழுதி, அனுப்பியும் விட்டு, பற்றுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வாடிக்கு வந்து தட்டில் ஏறி நின்றாள். மஜீத் வழக்கப்படி வாயைத் திறந்தார். "ஒண்டும் கூப்பிடாதேங்கோ மஜீத் நானா," என்றாள். பேர் சொல்லாமல் நிறுத்துப் பழக்கமில்லை என்றார் மஜீத். "அப்ப என்ர பேரைச் சொல்லுங்கோ." மஜீத் தொண்டையைச் செருமி, மீனுக்குக் கூப்பிடுவதைவிட மெதுவாக, "கீர்த்தனி," என்றார். முள் நடுங்கி எழும்பி முப்பத்தெட்டில் நின்றது. வாடியில் நின்றவர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். முப்பத்தெட்டு வீதமா என்று ஒருவன் கேட்டான். மஜீத் குனிந்து முள்ளைப் பார்த்தார், அவளுடைய கையெலும்பைப் பார்த்தார். "வீதம் இல்ல. கிலோ," என்றார். பிறகு சத்தம் போட்டார்: "ஒங்கட உம்மா வாப்பா என்ன கண்ணில்லாமலா இருக்காங்க? முப்பத்தெட்டுக் கிலோ!" இரண்டு பெரிய பாரை மீனை ஓலைப்பையில் போட்டு அவள் கையில் திணித்தார்.

புள்ளி குறைந்த அந்த வருசம் வெட்டுப்புள்ளியும் குறைந்தது. கீர்த்தனி இப்போது மட்டக்களப்பில் மருத்துவபீடத்தில் இரண்டாம் வருசம். முதல் தரம் எடுத்த கூடிய புள்ளிக்குக் கிடைக்காத இடம் குறைந்த புள்ளிக்குக் கிடைத்ததை நினைத்தால், எழுதுகிற எனக்கே பேனையை வீசலாம்போல வருகிறது. தராசு இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது, பாடநெறியைக் கூப்பிட்டால் இன்றைக்கும் வீதம் காட்டும். விண்ணப்பம் அனுப்பிய பற்றுச்சீட்டைக் காட்டாத பிள்ளையை மட்டும் மஜீத் ஏற்றமாட்டார். சனமும் பழகிவிட்டது.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சிவாஜினி மகளை மீன் வாங்கக் கூட்டிப்போகிறாள். இரத்தினசிங்கம் நேரத்தை எழுதும் கொப்பியோடு பின்னால் போகிறார். மஜீத் பேரைக் கூப்பிடுவார், முள் எழும்பும். போன சித்திரையில் ஐம்பத்தொன்று காட்டியது. இரத்தினசிங்கம் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார், சிவாஜினி எட்டிப் பார்த்து, "போதாது," என்றாள்.