நொய்கெல்னில் நவம்பர் விருந்து

ஹான் மியோங்சுக்கின் கணவர் இறந்த பிறகும் ஆண்டுக்கொரு முறை, நவம்பரில், பெர்லினின் நொய்கெல்ன் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார். ஜெர்மனியின் ரூர் வட்டாரச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர் என்பதால் அவர் உட்கார்ந்த நாற்காலியில் கரித்தூள் படிந்திருக்கும். மறுநாள் அதைத் துடைப்பதுதான் கொஞ்சம் வேலை. கொரியர்கள் இறந்தவருக்குப் படைக்கும் முறைப்படி மியோங்சுக் வெள்ளைச் சோறும் முள்ளங்கிச் சூப்பும் பேரிக்காயும் வைத்து, சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தி, வாசல் கதவைத் திறந்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எதிர்வீட்டுக் குணேஸ்வரி மீன் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்துக் கொடுப்பாள். முதல் தடவை இறந்தவரைக் கண்டபோது வணக்கம் சொன்னாள். அடுத்த வருடம் கூடக் கொஞ்சம் மீன் பொரித்தாள்.

மியோங்சுக் 1972இல் தாதியாக ஜெர்மனிக்கு வந்தவர். அவர் வயிற்றில் இருக்கும்போதே தாய் கொரியப் போருக்குத் தப்பி, வடக்கிலிருந்து தெற்கே கப்பலேறினாள். உறவினர் வீட்டில் விட்டிருந்த மூத்த மகன் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான், எல்லை மூடிவிட்டது. அந்த அண்ணனை மியோங்சுக் ஒருநாளும் கண்டதில்லை, அவருக்குச் சோறு படைத்ததுமில்லை. குணேஸ்வரி காரணம் கேட்கவில்லை. அவளுடைய தம்பி சயந்தன் 2009 மே மாதம், பத்தொன்பது வயதில், வன்னியில் காணாமல் போனவன். அவன் படத்தைப் பிடித்தபடி, காணாமல் போனவர்களின் தாய்மாரோடு கிளிநொச்சித் தெருவோரத்தில் போராட்டம் இருந்தே தாய் செத்துப்போனாள். திவசம் செய்யச் சொன்ன ஐயரிடம், “செய்தால் அவன் செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி. என்னாலை ஏலாது,” என்று சொல்லியிருந்தாள் குணேஸ்வரி.

ஒரு நவம்பரில் கணவர் தனியாக வரவில்லை. பஞ்சு வைத்துத் தைத்த மேற்சட்டையோடு ஒரு கிழவர், பெர்லினில் அன்று பெய்யாத பனியைத் தோளிலிருந்து தட்டிக்கொண்டு பின்னால் நின்றார். அவர் வாய் திறந்ததும் மியோங்சுக்கின் கையிலிருந்த கிண்ணம் நழுவியது. அது அவருடைய தாயின் ஊர்ப்பேச்சு. அண்ணன் அந்த இளவேனில் வரைக்கும் உயிரோடுதான் இருந்திருக்கிறார். மியோங்சுக் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு இன்னொரு கிண்ணம் எடுத்து வந்தார்.

குணேஸ்வரி படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். வேறு யாருமில்லை. மற்றவர்களும் வருவார்களா என்று ஜெர்மனில் கேட்டாள்.

“கூப்பிடாமல் யாரும் படியேற முடியாது,” என்றார் கணவர். “இவரை நான் கூட்டி வந்தேன்.”

ஒரு வருடம் குணேஸ்வரி மியோங்சுக்கின் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கினாள். பிறகு நவம்பர் வந்தபோது நண்டுக்கறி வைத்து, தன் கதவையும் திறந்து, தம்பியைக் கூப்பிட்டாள். யாரும் வராவிட்டால் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று நிம்மதியாகக் கதவைச் சாத்தலாம். கீழே செருப்புச் சத்தம் கேட்டது.

சயந்தன் அதே பத்தொன்பது வயதில், இப்போது அவளுடைய மகனைவிடச் சின்னப் பெடியனாக வந்து நின்றான்.

“ஏனக்கா இவ்வளவு காலமும் கூப்பிடேல்லை?”

“நீ இருக்கிறாய் எண்டு நினைச்சனடா.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன்,” என்று சொல்லி, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

இப்போதெல்லாம் அந்த மாலையில் இரண்டு கதவுகளும் திறந்திருக்கும். கீழ்வீட்டு லூக்காஸ், மாடிப்படி விளக்கு தானாக அணைய அணையப் பொத்தானை அழுத்தியபடி நிற்பார். பழைய கட்டடம், படிகள் உயரம். இருட்டில் யாராவது தடுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று கேட்பார்.