வாளியில் ஊறிய ரப்பர்

காது டாக்டரின் அறையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள்: டாக்டரம்மா, காதைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மருமகள், நாற்காலி இருந்தும் உட்காராமல் அவளுக்குப் பின்னால் நின்ற மாமனார், ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி கதவோரம் நின்ற ஆலை சூப்பர்வைசர்.

மாமனாரை உறுத்தியது அந்த நான்காவது ஆள்தான். மருமகள் இப்போது வேலை பார்க்கும் அதே நூல் ஆலையில் முப்பது வருஷம் முதுகு வளையாமல் வேலை பார்த்து, ‘விறைப்பு’ என்றே பட்டப்பெயர் வாங்கியவர் அவர். மனைவி இறந்த அன்றைக்கு அரைநாள் விடுப்புக்குப் பல்லைக் காட்ட வைத்த ஆலை, இன்று வண்டி வைத்து ஆளையும் கூட அனுப்புகிறது என்றால் சும்மா இருக்காது.

ஆனால் வழியில் சூப்பர்வைசர் மெதுவாகச் சொன்னதும் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

“பெரியவரே, மிஷினை நிறுத்தச் சொல்லி மூணு தடவை கத்துனேன். திரும்பிக்கூடப் பாக்கல. பிறவியிலேயே காது மந்தம்போல. உங்ககிட்ட மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க.”

சம்பந்தி வீட்டார் அப்படிச் செய்வார்களா? கல்யாணம் பேசப் போன அன்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது இவளா, இவள் அம்மாவா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

டாக்டரம்மா காது மடலை லேசாக இழுத்ததும் மருமகள் “அம்மா!” என்று துள்ளினாள்.

“மந்தக் காது இப்படி வலிக்காது. குழாய் வீங்கி அடைச்சிருக்கு. சீழும் இருக்கு. எதையாவது விட்டுக் குடைஞ்சியா?”

“அரிச்சுதுங்க. ஹேர்பின்னால லேசா...”

“பாத்தீங்களா!” சூப்பர்வைசர் ஓரடி முன்னால் வந்தார். “அவங்களே ஒத்துக்கிட்டாங்க.”

“ஹேர்பின் தப்புதான். அரிச்ச பிறகுதானே குடைஞ்சிருக்கா? காதுக்குள்ள வேற என்னம்மா போடுற?”

மருமகள் மாமனாரைப் பார்த்தாள்; பிறகு தரையைப் பார்த்தாள்.

“மிஷின் சத்தத்துக்கு ரப்பர் அடைப்பான். சாயங்காலம் வாசல்ல திருப்பி வாங்கி, எல்லாருடையதையும் ஒரே சோப்புத் தண்ணி வாளியில போட்டுடுவாங்க. காலைல அள்ளிக் குடுப்பாங்க. யாரோடது யாருக்கு வருதுன்னு தெரியாது. ஒம்பது மணிநேரம் சொதசொதன்னு காதுக்குள்ளயே கிடக்கும்.”

“வீட்டுக்குக் குடுத்துவிட்டா தொலைச்சிட்டு வந்து நிப்பாங்க டாக்டர்” என்றார் சூப்பர்வைசர்.

டாக்டரம்மா சீழை உறிஞ்சி எடுத்து, மருந்தில் நனைத்த சின்னத் திரியை உள்ளே வைத்தார்.

“ஏழு நாள் சொட்டு மருந்து. குளிக்கிறப்ப வாசலின் தடவின பஞ்சு வச்சுக்க. பின்னு, குச்சி, ரப்பர், எதுவும் உள்ள போகக் கூடாது. வீக்கம் வத்தினா பழையபடி கேக்கும். அப்புறமும் இவளுக்குன்னு தனி ரப்பர் வேணும், நல்லா காஞ்சதா.”

சூப்பர்வைசர் ஃபைலைத் திறந்தார்.

“ஏழு நாளெல்லாம் லீவு கிடையாது. பெரியவரே, இதுல நீங்க சாட்சிக் கையெழுத்து போட்டா அவங்களும் போட்டுடுவாங்க. லேசான வேலைக்கு மாத்தத்தான்.”

மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். ‘பிறவியிலேயே காது கேளாதவள் என்பதை மறைத்து வேலையில் சேர்ந்த காரணத்தால் நானாகவே விலகுகிறேன்.’

“டாக்டர் இன்னிக்குத்தான் காதைப் பாக்குறாங்க. இதுல நாலு நாளைக்கு முந்தின தேதி போட்டிருக்கு. நீ என்ன ஜோசியரா தம்பி?”

“அது... ஆபீஸ்ல டைப் பண்ணது...”

“எங்க வீட்டுப் பொண்ணு எதையும் மறைக்கல. கெளம்பும்மா.”

“சரிங்க மாமா.”

அந்தப் பெண் பிறவிச் செவிடு, மாமனாரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று ஆலையில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் செவிடும் இல்லை. எட்டாம் நாள் காலை ஆறு மணிக்கு அவள் ஆலை வாசலில் நின்றபோது, பூட்டிய கதவுக்கு அந்தப்பக்கம் பத்தடி தள்ளி நின்ற காவலாளி, “காது கேக்காதவங்கள உள்ள விடக் கூடாதாம்” என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தான். ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குக் கேட்டது.