சிவநேசம் வளர்த்த கற்கள்

பிரெஞ்சு பேசும் ஊரான லொங்குய்யில் ஒரு பங்களோ வீட்டில், சிவநேசம் தன் கணவர் மகேந்திரராசாவைச் சந்தேகிக்கும்போதெல்லாம் பேஸ்மென்ற் தரையில் ஒரு கல் முளைத்தது. மஞ்சள் நிறம், ஆறு பட்டை, எல்லாம் ஒரே அச்சு. இருபத்திரண்டு வருடங்களில் நூற்று நாற்பது கற்கள். அவை தன்னுடையவை என்று அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து வீடுகளில் தரைக்கடியில் கொட்டிய சரளையிலுள்ள பைரைட் என்ற கனிமம் வீங்கித் தரையை உடைப்பதுண்டு. இதுவும் அதுதான் என்று நம்பி, அவர் கற்களைப் பெயர்த்துக் கராஜில் அடுக்கினார். அப்பாவி என்று எழுதலாம்தான்; ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவர் எங்கே போய்வந்தார் என்பது எனக்கும் தெரியாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது குறுகுறுக்கவில்லை, அதிலேயே அவளுக்கு இன்னும் இரண்டு கல் முளைத்தது.

மகள் பிரஷாந்தினிக்குக் குழந்தை பிறந்ததும், வீட்டை விற்றுப் பியர்பொன்ட்ஸில் அவளுக்குப் பக்கத்தில் குடியேறத் துடித்தாள் சிவநேசம். வாங்க வந்தவர்கள் தரையைச் சோதிக்கக் கேட்டார்கள். மார்ச் மாதம் வந்த பரிசோதகர் கல்லைச் சுரண்டினார், உடைத்தார், கதிர் பாய்ச்சிப் பார்த்தார். திண்மம், சேர்மானம் மாறவில்லை, அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கனிமம், வீடு விலைபோகாது என்றார். சிறுநீரகக் கல்லைப்போல ஓர் உயிர் ஆக்கியதாக இருந்தால் மட்டுமே அது கனிமம் ஆகாது என்றும் சொன்னார்.

கற்கள் தன்னுடையவை என்று சொன்னால் வீடு விற்கும். சொன்னால் இருபத்திரண்டு வருடச் சந்தேகமும் அவருக்குத் தெரிந்துவிடும். சிவநேசம் கற்களைச் சுட்டிக்காட்டினாள்.

"இதெல்லாம் என்ரை," என்றாள்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?" என்றார் மகேந்திரராசா.

"வெள்ளிக்கிழமையிலை நீங்கள் எங்கை போறனீங்கள்?"

"கோயிலுக்கு."

இருவருக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் எழுந்தது. பரிசோதகர் காலை நகர்த்திக்கொண்டு, உயிர் ஆக்கியது, கனிமம் அல்ல, தரை நல்லது என்று பிரெஞ்சில் எழுதிக் கையொப்பமிட்டுப் போனார்.

மகேந்திரராசா அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்து அழுதார். "கோயிலுக்கு இல்லை. மெற்றோவிலை ஏறி அங்காலை போய் இங்காலை வாறனான். நீர் என்னைப் பாக்கிற பார்வை தாங்கேலாமல்."

அவள் நம்பத்தான் விரும்பினாள். அவர் காலடியில் உளுந்தளவில் ஒன்று முளைத்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இதைவிடச் சின்னனா எனக்கு வராதப்பா," என்றாள் சிவநேசம்.

அவர் காலைத் தூக்கிக்கொடுத்தார். அவள் கூட்டினாள்.