கலைவதற்கு ஒன்றுமில்லை

'தள்ளிப் போயிருக்கு' என்ற ஒரு பேச்சில்தான் எல்லாம் தொடங்கியது. மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டே வினிதா தன் தோழி அனுப்பிரியாவிடம் போனில், "மூணு மாசமா தள்ளிப் போயிருக்குடி" என்று அலுத்துக்கொண்டிருந்தாள். வடகம் அள்ள வந்த மாமியார் கிளியம்மாளின் காதில் கடைசி இரண்டு சொற்கள் மட்டும் விழுந்தன. அது போதுமானதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் கேம்ப் ரோட்டு மாவுக் கடைக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் படப்பைச் சொந்தங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தை, எனக்கு எப்பவுமே தள்ளித்தான் போகும். டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். ஒரு கோடுதான்" என்றாள் வினிதா.

"அந்தக் குச்சிக்கு இன்னா தெரியும்? மூணு பெத்தவ நான் சொல்றேன். உன் மொகமே மாறிக்கீது."

முகம் மாறியிருந்தது உண்மைதான். தாடையோரம் முடி கறுத்து முளைத்திருந்தது. வாராவாரம் பார்லரில் நூல் போட்டு எடுத்தும் பச்சை நிழல் போகவில்லை. அதைக்கூட நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளக் கிளியம்மாளால் முடிந்தது.

கல்யாணமாகி மூன்று வருடம். முதல் வருடமே ஸ்கேன் எடுத்த இடத்தில் "கர்ப்பப்பைல நீர்க்கட்டி" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தக் 'கட்டி'யைக் கிளியம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கட்டியென்றால் கரைக்க வேண்டும், கரையாவிட்டால் வெட்ட வேண்டும். எங்கெங்கோ கேட்டு வந்து கசப்பான கஷாயமெல்லாம் போட்டுக் கொடுத்தாள். வினிதா குடித்தாள், வாந்தி எடுத்தாள், ஒரு நாள் நிறுத்தினாள். தானே தாம்பரத்துக்கு பஸ் ஏறிப்போய் டாக்டர் கிறிஸ்டினாவைப் பார்த்தாள்.

"கட்டின்னு யார் சொன்னது?" என்றார் டாக்டர். "இது கர்ப்பப்பையிலயே இல்ல, சினைப்பையில இருக்கு. ஸ்கேன்ல கறுப்பு கறுப்பா தெரியறதெல்லாம் சின்னச் சின்ன முட்டைப் பை. வளர ஆரம்பிச்சு, முதிராம பாதியில நின்னுபோனது."

ஏன் நின்றது என்பதையும் அவர் சொன்னார். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுப்பதில்லை. அதனால் உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகுதி, எல்லாப் பெண்களிடமும் கொஞ்சம் இருக்கிற ஆண் ஹார்மோனைச் சினைப்பையில் கூட்டிவிடுகிறது. தாடையில் முடி முளைப்பதும் அதனால்தான். மூளையிலிருந்து வரும் கட்டளைகளின் அளவும் பிசகிப்போகிறது. ஒரு முட்டையை முற்ற வைக்க வேண்டிய கட்டளை பலமில்லாமல் வருகிறது. பல பைகள் கிளம்புகின்றன, ஒன்றும் ஊர் போய்ச் சேருவதில்லை. முட்டை வெளியே வராவிட்டால் அதற்குப் பின் சுரக்க வேண்டிய ஹார்மோனும் சுரக்காது. அது இல்லாமல் மாதவிலக்கும் ஒழுங்காக வராது.

வினிதா ஒரகடத்தில் கார் கதவுப் பூட்டு செய்யும் கம்பெனியில் லைன் இன்சார்ஜ். அவளுக்கு இது உடனே பிடிபட்டது.

"டிஸ்பாட்சுக்கு ஒரு பீஸ்கூட போகல. ட்ரே ட்ரேயா அரைகுறையா நிக்குது. அப்படித்தானே டாக்டர்?"

"அதேதான்."

"அப்போ லைனைத்தான் சரி பண்ணணும். பீஸ் மேல கோவிச்சு என்ன பண்றது?"

டாக்டர் சிரித்துவிட்டார். உடம்பை இன்சுலினுக்குக் காது கொடுக்க வைக்கச் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை எழுதினார், நடக்கச் சொன்னார். வினிதா ஷிப்ட் முடிந்து வந்து சேலையூர் ஏரிக்கரையில் மூச்சு வாங்க நடந்தாள். அதுவரை மாதவிலக்கு வந்ததெல்லாம் வேறு மாத்திரை போட்டு வரவழைத்ததுதான். மாடியில் போன் பேசிய அதே வாரம் எடுத்த ஸ்கேனில் ஒரே ஒரு முட்டைப் பை மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு பெரிதாகியிருந்தது. "இது வெடிச்சு முட்டை வெளிய வந்துட்டா, ரெண்டு வாரத்துல கரு நிக்கும், இல்லன்னா பீரியட்ஸ் தானா வரும். எது வந்தாலும் எனக்கு போன் பண்ணு. ரெண்டுமே நல்ல சேதி" என்றார் டாக்டர்.

கிளியம்மாளோ மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். "உனக்கு இன்னா சக்கரையா கீது? வயித்துல புள்ள கீறப்போ எவளாவது சக்கர மாத்திரை துன்னுவாளா?" வினிதா ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக்கொண்டாள். மறுநாள் டப்பா மறுபடி பரண்மேல் இருந்தது. அவள் மறுபடி ஏறினாள்.

ஆடிப்பூரம் வந்தது. தெருவிலிருந்த அம்மன் கோயிலில் வளையல் அலங்காரம். அது முடிந்ததும் சொந்தக்காரப் பெண்களெல்லாம் கிளியம்மாள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. மருமகள் கையில் அம்மன் வளையலை அடுக்கிவிட வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. காலையிலேயே வாசல் நிறையச் செருப்புகள். குளியலறையில் வினிதா துணியில் சிவப்பைப் பார்த்தாள். முதலில் நம்பவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

அடுக்களைக்குப் போய், "அத்தை, எனக்கு வந்துடுச்சு" என்றாள்.

வடை மாவில் இருந்த கிளியம்மாளின் கை அப்படியே நின்றது. "இன்னிக்கா? அய்யோ, ஊரையே கூப்ட்டுகினு உக்காந்துகீறேனே!" கண்ணில் தண்ணீர் முட்டியது. அது நடிப்பில்லை. மூன்று வருடமாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் மருமகளைப் பற்றிக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது அவள்தான். வினிதாவுக்கு அது தெரியும்.

ஆனால் கிளியம்மாள் அழுதுகொண்டே இருக்கிறவள் இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தபோதே வழியும் கண்டுபிடித்துவிட்டாள். "சரி, நீ ரூம்ல போய் கண்ண மூடி படுத்துக்கோ. கலைஞ்சுபோச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

"என்னது?"

"மெதுவா பேசு. நல்லதுக்குத்தான் சொல்றேன். கலைஞ்சுதுன்னா பாவம்னு சொல்லிட்டுப் போய்டுவாளுங்க. அதுக்கப்பறம் எவளும் உன்ன மலடின்னு சொல்ல முடியாது. தங்குச்சு, நிக்கலன்னுதான் சொல்லுவா."

ஸ்வீட் பெட்டியோடு உள்ளே வந்த குமரேசன் மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "ஒரு வார்த்தைதானே வினி. சொல்லிட்டுப் போகட்டுமே. ஆளுக்கு நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க."

"கலையறதுக்கு ஒண்ணு இருந்துருக்கணும் இல்ல?" என்றாள் வினிதா. "இல்லாத குழந்தைக்கு நான் ஏன் அழணும்? இன்னிக்கு அழுதா வருஷா வருஷம் ஆடிப்பூரத்துக்கு அழணும். வர்றவங்க எல்லாம் என் வயித்தத் தடவிப் பாத்து உச்சுக் கொட்டுவாங்க. இத்தன நாள் மாத்திரை போட்டு வரவழைச்சது, இன்னிக்குத் தானா வந்துருக்கு. என் உடம்பு வேலை செஞ்சிருக்கு. அதுக்கு நான் படுத்துக்கணுமா?"

"பைத்தியமாட்டம் பேசாத. இதெல்லாம் வெளிய சொல்ற விஷயமா?" என்றாள் கிளியம்மாள்.

வினிதா குமரேசன் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள். அவன் ஒரு நொடி இறுகப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டான்.

கூடத்தில் படப்பைப் பச்சையம்மாள், கிளியம்மாளின் அக்கா, நடுவில் உட்கார்ந்து வளையல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வாடி என் ராசாத்தி! புள்ளத்தாச்சி நீ எதுக்குப் பெட்டி தூக்கினு வர்ற?"

"புள்ளத்தாச்சி இல்ல பெரிம்மா. காலைல பீரியட்ஸ் வந்துடுச்சு. அதுக்குத்தான் ஸ்வீட். எடுத்துக்குங்க."

பச்சையம்மாள் கையிலிருந்த வளையல்களைத் தட்டில் வைத்தாள்.

"கலைஞ்சு..." என்று யாரோ இழுத்தார்கள்.

"கலையல. கருவே நிக்கல. எனக்கு முட்டை முதிராம பாதியிலயே நின்னுகிட்டு இருந்துச்சு. இந்தத் தடவை ஒண்ணு முழுசா வளந்து வெளிய வந்துருக்கு. அதனாலதான் தானா வந்துச்சு."

"அப்போ அந்தக் கட்டி கரையலியா?"

"கட்டியே இல்ல பெரிம்மா, கரையறதுக்கு."

பச்சையம்மாள் முகவாயில் கை வைத்தாள். "தூரமானதுக்கு ஸ்வீட்டு குடுக்குற மொத ஆளு நீதான்டியம்மா."

"ஏன், நான் வயசுக்கு வந்தப்போ எங்கப்பா பேனர் கட்டி, மைக் செட் வச்சு ஊருக்கே சோறு போட்டாரே. அதே ரத்தம்தானே இது?"

மூலையில் ஒருத்தி களுக்கென்று சிரித்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு மூன்று பேர் பால்கோவா எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் கையை மடியிலேயே வைத்திருந்தார்கள். வினிதா அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பச்சையம்மாள் வளையல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இது அம்மன் வளையல். இன்னிக்கு நீ தொடாத."

"அம்மனுக்குத் தெரியாதா பெரிம்மா, எங்கிருந்து வருதுன்னு?" வினிதா குனிந்து இரண்டு பச்சை வளையல்களை எடுத்தாள். அவள் கைக்கு அளவு சிறியது. கட்டைவிரலை மடக்கி, பல்லைக் கடித்துத் தானே ஏற்றிக்கொண்டாள். ஒன்றும் உடையவில்லை.

சாப்பாடு சீக்கிரமே முடிந்தது. எல்லோரும் போன பிறகு வினிதா டாக்டருக்கு போன் செய்தாள். பிறகு இடுப்பு வலியோடு கட்டிலில் சாய்ந்தாள். மூன்று மாதத்து வலி சேர்ந்து வந்ததுபோல் இருந்தது. கூடத்தில் கிளியம்மாளின் போன் அடித்தது. விருந்துக்கு வராமல் போன அவளுடைய குரோம்பேட்டை நாத்தனார். வினிதா எழுந்து கதவருகே வந்து நின்றாள். 'கலைஞ்சுபோச்சு' என்ற சொல் வந்தால் வெளியே போய் போனை வாங்கிப் பேசிவிடுவது என்று நின்றாள்.

கிளியம்மாள் வெகுநேரம் எதிர்முனையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்த கலைய?" என்றாள் கடைசியில். "கலையறதுக்கு ஒண்ணும் இல்ல. மாசாமாசம் வரவேண்டியது, வந்துகீது. அவ்ளோதான்... ஆமா, ஸ்வீட்டு குடுத்தா. என் வூட்ல குடுத்தா, உனக்கு இன்னா வந்துச்சு? வந்திருந்தா உனக்கும் ஒண்ணு குடுத்துருப்பா... இன்னா பண்றது, சரியான பேஜாரு புடிச்சவளா கீறா."

போனை வைக்கும் சத்தம் கேட்டது. வினிதா கதவைத் திறந்தாள்.

"அத்தை, மாத்திரை டப்பா பரண்மேலதானே? ஸ்டூல் எங்க?"

கிளியம்மாள் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வலியோட ஏறி விழுந்து தொலைக்காத. ஃப்ரிட்ஜ் மேல வச்சிகீறேன், போ."