கரண்ட் போனபோது கேட்ட பேச்சு

கட்டிங் மாஸ்டர் ஏசுவடியானுக்கு எப்போதும் ஓர் எதிராளி வேண்டும். சும்மா தலையாட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குச் சோறு இறங்காது. திருநெல்வேலிச் சீமை நாசரேத்துப் பக்கம் பிறந்து, வேதத்தைக் கரைத்துக் குடித்த மனுஷன். திருப்பூருக்கு வந்து பனியன் துணி வெட்டிப் பிழைத்தாலும் நாக்கின் கூர் மட்டும் மழுங்கவில்லை.

எதிராளியாக வாய்த்தவன் ஓவர்லாக் டெய்லர் மாரப்பன், வெள்ளகோவில்காரன். குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவம். பெயர் மட்டும் பாட்டன் வழியில் வந்த பழைய பெயர். கல்யாணத்துக்குப் பிறகு அவன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், அமராவதி ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுத்துவிட்டான். அவன் பெண்சாதி மயிலாள் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். கைக்குழந்தை நெற்றியில் தண்ணீர் தெளிப்பது செல்லுமா, அறிவு வந்தபின் ஆற்றில் முங்குவதுதான் செல்லுமா? இதுதான் இரண்டு பேருக்கும் ஓயாத வழக்கு.

மற்றவர்களுக்கு இது ஓசி சினிமா. "மாஸ்டரு இன்னிக்கு எந்த வசனத்தை எடுத்து உடப்போறாருங்க?" என்று பக்கத்து மிஷின் பொன்னுச்சாமி ஏற்றிவிடுவான். பழனியாண்டவரைக் கும்பிடுகிற அவனுக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். அது தெரிந்தும் அவன் முன்னால் இரண்டு பேரும் மார்தட்டினார்கள். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

அந்த வெள்ளிக்கிழமை மாரப்பன் சொன்ன வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது. "உங்க பாதிரி ஐயரு தெளிச்ச தண்ணி தோளுக்குக்கூட எறங்கலீங்க. நீங்க இன்னும் ஞானஸ்நானமே வாங்கலீங்க மாஸ்டரு" என்றான், மிஷினை ஓட்டிக்கொண்டே. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அந்த மிஷின் இரைச்சலில் பக்கத்து ஆளோடு பேசவே தொண்டையைக் கிழிக்க வேண்டும். ஏசுவடியான் குனிந்து, அவன் காதோரம் அடிவயிற்றிலிருந்து கத்தினார். அவர் வாயைத் திறந்த நேரம் கரண்ட் போனது. எல்லா மிஷினும் ஒரே மூச்சில் ஓய்ந்தது.

"அப்போ ஞானஸ்நானமே இல்லாமச் செத்துப்போச்சே ஒம்ம பிள்ளை, அது எங்க வே கெடக்கு? நரகத்திலயா?"

நீளமான அந்த ஷெட்டின் கடைசியில் பீஸ்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த மயிலாள் வரைக்கும் அது ஒரு எழுத்துக் குறையாமல் போய்ச் சேர்ந்தது.

வாய் தவறிவிட்டது என்று அவர் தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. நினைவிருந்துதான் சொன்னார். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போன குழந்தை அது. மாரப்பன் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது; அடக்கம் செய்யக் கல்லறைத் தோட்டமும் கிடையாது. தங்கள் கோயில் கமிட்டியோடு மல்லுக்கட்டி இடம் வாங்கிக் கொடுத்தவரே ஏசுவடியான்தான். குழிமேட்டில் சரிந்து கிடந்த மயிலாளிடம், "அழாத தாயி, பிள்ளை ஆண்டவர் மடியில இருக்கு" என்று சொன்னவரும் அவர்தான்.

மாரப்பன் அடிப்பான் என்று நினைத்தார். அடித்திருந்தால் தேவலை. அவன் தலைகுனிந்து ஊசியில் மாட்டிய துணியை எடுத்துக்கொண்டிருந்தான். பொன்னுச்சாமிதான் எழுந்தான். "ஏனுங்க மாஸ்டரு, செத்த பச்சப்புள்ளைய இப்படிப் பேசச் சொல்லியா உங்க சாமி சொல்லிக்குடுத்திருக்குது?"

வேதத்தைக் கரைத்துக் குடித்தவர், கத்தரியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் கட்டிங் டேபிளையே சுற்றிச் சுற்றி வந்தார். மயிலாள் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை.

ஞாயிறு கோயிலில் நற்கருணைக்கு எழுந்தவருக்குக் கை நீட்டத் துணிவு வரவில்லை. பாதியிலேயே வெளியே வந்து சைக்கிளை மாரப்பன் வீட்டுக்கு விட்டார்.

"வாங்க மாஸ்டரு" என்றான் வாசலில் நின்ற மாரப்பன். கொங்குக்காரன், கழுத்தை அறுத்தவன் வந்தாலும் முதலில் வாங்க என்றுதான் சொல்வான். அந்த மரியாதை ஏசுவடியானை இன்னும் குறுக வைத்தது.

"மன்னிச்சிரும் வே. தோத்துரக் கூடாதுங்குற வெறி. பிசாசு என் நாக்குல..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "இல்ல, பிசாசு மேல போடக் கூடாது. நாந்தான் பேசினேன்."

"நானும் கம்மியாப் பேசலீங்க. மன்னிப்பு எங்கிட்டக் கேக்க வேண்டாமுங்க. அவ ஊட்டுக்குள்ள இருக்கறா."

மயிலாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவர் காலில் விழக் குனிந்ததும் அவள் பதறி நகர்ந்துகொண்டாள்.

"கோவத்துல சொன்ன பொய் தாயி அது. பிள்ளை ஆண்டவர் மடியிலதான் இருக்கு. அன்னைக்குச் சொன்னதுதான் நெசம்."

மயிலாள் நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு நான் அழுதேனுங்க, அதைச் சொன்னீங்க. அப்புறம் கோவம் வந்துச்சு, அதைச் சொன்னீங்க. இப்ப வெக்கமா இருக்குது, மறுபடியும் இதைச் சொல்றீங்க." கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "எம்புள்ள எங்க இருக்கறான்னு உங்களுக்கு நெசமாவே தெரியுமுங்களா மாஸ்டரு?"

ஏசுவடியான் வாயைத் திறந்தார். மனப்பாடமான வசனங்கள் எல்லாம் வந்து நின்றன. ஒன்றையும் எடுத்துச் சொல்ல அவருக்கு யோக்கியதை இல்லை.

"நம்புதேன் தாயி" என்று மட்டும் சொன்னார்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் நானும் அப்படித்தானுங்க நம்பிட்டு இருந்தேன்" என்றாள் மயிலாள்.