உருண்ட குடம்

உருண்டு வருகிறது அந்தப் பச்சைக் குடம், டொக்கு டொக்கென்று தெருவின் சிமெண்டுத் தரையில் இடித்துக்கொண்டு, வேப்பஞ்சருகோடு சருகாக, பிடிப்பாரில்லாமல், சீனியம்மாள் கையை நீட்டுகிறாள், எட்டவில்லை, கண்ணைத் திறந்தால் அடுப்படி, கொதிக்கிற உலை, வெளியே வெறும் காற்று. ஒரு வருஷமாக இதே கூத்துதான், உட்கார்ந்த இடத்தில் கண் அசந்தால் போதும், குடம் உருள ஆரம்பித்துவிடும். கார்த்திகை மார்கழியில் கொஞ்சம் ஓய்ந்திருந்தது, பாழாய்ப்போன பங்குனி பிறந்ததும் மறுபடி வந்துவிட்டது, ஊருக்கும் வெயில் வந்துவிட்டது, சர்பத் கடைக்காரர் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார், மாடிகளில் கூழ்வற்றல் காய்கிறது, தினமும் வந்த குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை என்றாகி, இன்றைக்குத்தான் இந்த வருஷத்தின் முதல் குட வரிசை.

அந்தத் தெருவில் குடம்தான் ஆள். விடிந்ததும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போகலாம், ஒருத்தி குடத்தை இன்னொருத்தி தொடக்கூடாது, ஆனால் காற்றுக்கு யார் சொல்வது, அதனால் பிளாஸ்டிக் குடத்துக்குள் ஒரு கல், வீட்டுக்கு ஒரு கல், கல் இல்லாமல் உருண்ட குடம் யாருடையதானாலும் கடைசிக்குத்தான், அதில் தாட்சண்யமே கிடையாது. பக்கத்து வீட்டு மாடத்தியின் கல் கறுப்பாக, வழவழப்பாக இருக்கும், உடைந்துபோன அம்மிக்குழவியின் தலைத்துண்டு, பாதி தேங்காய் அளவு. அது இப்போது சீனியம்மாள் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது, அது கிடப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

என்ன பெரிதாகச் சொல்லிவிட்டாள் மாடத்தி, ஒரு கேலிதான். போன பங்குனியில் சீனியம்மாளின் மகள் புருஷனோடு சண்டை போட்டுப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள், குழாயடியில் மாடத்தி, யக்காவுக்கு இனிமே ஒரு குடம் கூடுதலா வேணும்லா, தள்ளி நில்லுங்கடி, என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், மாடத்தி எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள், சீனியம்மாளும் சிரித்தாள், சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். அடுத்த தண்ணீர் நாளில் மாடத்தியின் குடம் முன்னால், சீனியம்மாளின் குடம் பின்னால், யக்கா, கொஞ்சம் பாத்துக்கிடுங்க, சோறு குழைஞ்சிரும், வடிச்சிட்டு ஓடியாந்திருதேன், என்று சொல்லிப் போகிறாள், முதுகு தெரிகிறது, ஈரக் கொண்டை தெரிகிறது, தெருவில் யாருமில்லை, சீனியம்மாளின் கை குடத்துக்குள் போகிறது, கல் மடிக்குள் வருகிறது. அவ்வளவுதான். கல்லைத்தான் எடுத்தேன், உருட்டியது காத்து, என்று இந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லியிருப்பாள், சொல்லச் சொல்ல நெஞ்சு கனத்ததே தவிரக் குறையவில்லை.

மாடத்தி ஓடிவந்தபோது குடம் சாக்கடையோரம் கிடந்தது, உருண்ட குடம் கடைசிக்கு, என்று பெண்கள் ஒரே குரலாகச் சொன்னார்கள், கல்லு போட்டேனே, யக்கா, நீங்க பாத்தீயல்லா, என்று அவள் கேட்ட கேள்விக்கு, நான் எங்க தாயி பாத்தேன், என்று சொன்ன வாய் இந்த வாய்தான். மாடத்தி சண்டைக்காரி, அன்றைக்குச் சண்டை போடவில்லை, சீனியம்மாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், தெரிந்துதான் பார்த்தாளோ, யாரைப் போய்க் கேட்பது. அவளுக்கு முன்னால் இரண்டு குடம் இருக்கும்போதே தண்ணீர் நின்றுவிட்டது, சரி போ, தோட்டத்துக் கிணத்துல எடுத்துக்கிடுதேன், என்று அவள் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போனாள், உச்சிப்பொழுதுக்குள் ஆள் ஓடிவந்தது, கிணற்றுப் படி பெயர்ந்துவிட்டதாம், குடம் மிதக்கிறதாம். குடம் மட்டும். சீனியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், கூடப்பிறந்தவள் கூட இப்படி அழமாட்டாள் என்றது ஊர், அந்த அழுகை பொய்யில்லை, சத்தியமாகப் பொய்யில்லை. மகள் ஆடி கழிந்ததும் புருஷனோடு சமாதானமாகிப் போய்விட்டாள், கூடுதல் குடமும் வேண்டாமென்றாயிற்று.

டொக்கு டொக்கென்று சத்தம், இது கனவில்லை, உலையை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தால் வரிசையிலிருந்து அதே பச்சைக் குடம் உருண்டு வருகிறது, மாடத்தியின் புருஷன் அரியமுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், போன கோடையை அம்மா வீட்டில் கழித்துவிட்டு வந்தவன், குட வரிசையே அறியாத மனுஷன், கல் போடவேண்டுமென்று அவனுக்கு யார் சொன்னார்கள். கடைசிக்கு வையுங்கடி, என்று ஒருத்தி கை நீட்டுவதற்குள் சீனியம்மாள் பாய்ந்து பிடித்துவிட்டாள், கடைசிக்கெல்லாம் போகாது, அது இடம் இதுதான், என்று அவள் போட்ட சத்தத்தில் நீட்டிய கை பின்னுக்குப் போனது. வீட்டுக்குள் ஓடினாள், டிரம்மை நகர்த்தினாள், சாக்கைப் பிரித்தாள், அந்தக் கல்லையே கொண்டுவந்து குடத்துக்குள் போட்டுத் தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள், இத்தோடு தீர்ந்தது, ஆம்பிளைக்கு எல்லாக் கல்லும் ஒரே கல்தானே, என்று நினைத்தாள், மூச்சுகூட லேசாக விட்டாள்.

குழாய் சீறியது. அரியமுத்து வந்தான், வரிசை நகர்ந்து அவன் முறை வந்ததும் குடத்துக்குள் கைவிட்டுக் கல்லை எடுத்தான், எடுத்தவன் அப்படியே நின்றான், பெருவிரலால் அதன் உடைந்த பக்கத்தைத் தடவினான். நான்தான் யக்கா இதை ஒடச்சேன், கல்யாணமான புதுசுல, கை தவறிப் போட்டுட்டேன், அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி பண்ணுவா, அவ போன பிறகு வீடு பூரா தேடினேன், கிணத்தடியில தேடினேன், எங்கன இருந்துச்சு, என்றான், ஏதோ பெரிய புதையலைத் தந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். சாக்கடையில கிடந்துச்சு தம்பி, என்று சொல்லிவிடலாம், வார்த்தை நாக்கு நுனியில்தான் நின்றது. எங்கிட்ட இருந்துச்சு, என்றாள் சீனியம்மாள். அன்னைக்குக் குடத்துலேருந்து நான்தான் எடுத்தேன், தம்பி.

ஒரு வசவாவது வைதிருக்கலாம் பாவி மனுஷன். கல்லைத் திரும்பக் குடத்துக்குள் போட்டான், தண்ணீர் பிடிக்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தான், எட்டுக்கு எட்டு உள்ளே கல் இடித்தது, டொக்கு, டொக்கு, தெரு முனை திரும்பும் வரைக்கும் கேட்டது, திரும்பிய பிறகும் கேட்டது. பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள், யக்கா, தண்ணி வீணாப் போகுது, ஒங்க முறைதான், குடத்தை வையுங்க.