வற்றாத பாட்டில்

தொண்ணூற்றிரண்டில், ஆவடிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஆண்கள் அறுவை வார்டு ஜெகதாம்பாள் சிஸ்டரின் ராஜ்ஜியம். தரையில் முகம் பார்க்கலாம். யார் வந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். "என் வார்டு" என்பாள். அந்தக் கர்வம் அவளுக்கு அழகாகவே இருந்தது.

அப்படிப்பட்ட வார்டில்தான் கஜபதியின் கால் அழுகிக்கொண்டிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டுபவன். இரும்புப் பட்டை விழுந்த காயம். ஜென்டாமைசின் ஊசி போட்டும் சீழ் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதென்று சர்ஜன் ஜானகிராமன் முடிவு செய்திருந்தார்.

"காலு பூட்டா லேத்தாண்ட எப்டி சிஸ்டர் நிப்பேன்?" என்று கஜபதி கேட்கும்போதெல்லாம் ஜெகதாம்பாள் அவன் புண்ணை இன்னொரு முறை கழுவிக் கட்டினாள்.

புதன்கிழமை, பரிசோதனைக்கூடத்து ஹில்டா வந்தாள். பத்து நாளாக வார்டில் எதையெதையோ பஞ்சால் துடைத்து எடுத்துப்போனவள்.

"சிஸ்டர், கஜபதி புண்ணுலயும் மத்தவங்க புண்ணுலயும் ரெண்டு வேற வேற கிருமி இருக்கு. ரெண்டுமே அதே ஜென்டாமைசின் ஊசிக்குத்தான் மசிய மாட்டேங்குது. மருந்தை எதிர்க்கிற மரபணு கிருமிக்குள்ள ஒரு சின்ன வளையத்துல இருக்குது. அந்த வளையத்தை ஒரு கிருமி பக்கத்துல இருக்கிற கிருமிக்கும் கொடுத்துடுது. சாதுவான கிருமி ஒண்ணை இதோட ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன். காலையில அதுவும் மருந்துக்கு அசையல."

"வேற சாதிக் கிருமிக்குமா குடுக்குது?"

"அதுங்க அதெல்லாம் பாக்கிறதில்ல."

"அப்ப நம்மளவிட மேலுதான். எங்க கீது அது?"

ஹில்டா தயங்கித் தயங்கி, காயம் கழுவும் மருந்துத் தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள்.

ஜெகதாம்பாளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் அரிசிப் பானையின் அடி தெரியவே விடமாட்டாள். காலியானால் குடும்பத்துக்கு ஆகாது. அதே பழக்கத்தில் இந்தப் பாட்டிலையும் ஒருநாளும் வற்ற விட்டதில்லை. மிச்சத்தின் மேலேயே ஊற்றி நிரப்புவாள். வந்த நர்ஸுகளையெல்லாம் அப்படியே பழக்கியிருந்தாள். நீர்த்த மருந்துக்குப் பழகிப்போன கிருமி அடியிலேயே குடித்தனம் நடத்தி, ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் புண்ணுக்குப் போயிருக்கிறது.

"யாரு நிரப்பினதுன்னு நான் டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேன் சிஸ்டர்."

"நீ இன்னா சொல்லாம இருக்கிறது? நானே சொல்றேன்."

நேராக ஜானகிராமன் முன் போய் நின்றாள். "சார், தப்பு என் கையால நடந்தது. வெள்ளிக்கெழமை கத்தி எடுக்காதீங்க. பாட்டில தெனமும் கொட்டி, கொதிக்க வெச்சு, புதுசா நிரப்புறேன். அமிகாசின் ஊசிக்கு இந்தக் கிருமி சாவுதுன்னு ஹில்டாம்மா சோதிச்சுப் பார்த்துட்டாங்க. அதப் போட்டுப் பாருங்க சார்."

அவர் கோபக்காரர். கத்தித் தீர்த்தார். காய்ச்சல் ஏறாதவரை ஒரு வாரம் பொறுக்கிறேன் என்று கடைசியில் இறங்கி வந்தார்.

ஒரு வாரத்தில் சீழ் நின்றது. புண்ணில் சிவப்பாய்ப் புதுச் சதை எட்டிப் பார்த்ததும் ஜெகதாம்பாள் அழுதேவிட்டாள். அடுத்த மாதம் கஜபதி லேசாக விந்தியபடி வீட்டுக்குப் போனான்.

இதைச் சென்னையில் டாக்டர்கள் கூட்டத்தில் பேசப்போவதாக ஜானகிராமன் சொன்னார். "ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். நம்ம மானம் போயிடும்."

"பேர் போடுங்க சார்," என்றாள் ஜெகதாம்பாள், நிமிர்ந்து. "எங்க வார்டு பாட்டில்லதான் கிருமி இருந்துச்சுன்னு சொல்லுங்க. அத புடிச்சது எங்க ஹில்டாம்மான்னும் சொல்லுங்க. கஜபதி ரெண்டு கால்ல நடந்து ஊட்டுக்குப் போனான், அதையும் உடாம சொல்லுங்க."